ஒப்பீட்டுத் தொட்டியிலேயே ரோகுக் குஞ்சுகள் இறக்கின்றன: 96 மணி நேர நச்சுச் சோதனையில் எங்கே தவறுகிறேன்?

கேட்பவர்: ஆய்வு மாணவி, மயிலாடுதுறை

அனைவருக்கும் வணக்கம். நான் விலங்கியலில் முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து வயல்களில் குருத்துப்பூச்சிக்கும் இலைசுருட்டுப் புழுவுக்கும் அடிக்கும் குளோர்பைரிபாஸ் 20 ஈசி (நீரில் கலந்தால் பால்போல் ஆகும் நீர்ம வடிவம்) என்னும் பூச்சிமருந்து, நன்னீர் மீனை எந்த அளவில் கொல்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும். நான்கு நாட்களில், அதாவது 96 மணி நேரத்தில், பாதி மீன்களைக் கொல்லும் செறிவைக் கணக்கிடுவதுதான் முதல் வேலை. அதிலேயே தடுமாறி நிற்கிறேன்.

இதுவரை இரண்டு முறை சோதனை செய்தேன். தை மாதத்தில் செய்தபோது ஆற்றில் தண்ணீர் ஓடியது. கல்லூரிக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் நீர் எடுத்து, துணியில் வடிகட்டிப் பயன்படுத்தினேன். மேட்டூர் அணையை அடைத்த பிறகு வாய்க்கால் வறண்டுவிட்டதால், பங்குனியில் போர்வெல் நீரைப் பயன்படுத்தினேன். இரண்டு முறையும் 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள், தொட்டிக்குப் பத்து ரோகுக் குஞ்சுகள், ஒவ்வொன்றும் சராசரியாக 6 கிராம். செறிவுகள் லிட்டருக்கு 0.1, 0.2, 0.3, 0.4, 0.5 மில்லிகிராம். மருந்து சேர்க்காத ஒப்பீட்டுத் தொட்டி ஒன்று. குஞ்சுகளை வாங்கி வந்து இரண்டு நாள் கழித்துச் சோதனையைத் தொடங்கினேன். வாடிவிடக் கூடாதே என்று, தொடங்கிய அன்று காலையிலும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கொடுத்தேன்.

முதல் முறை ஒப்பீட்டுத் தொட்டியில் இரண்டு மீன்களும், இரண்டாம் முறை மூன்று மீன்களும் இறந்தன. பாதி இறக்கும் செறிவு தை மாதத்தில் லிட்டருக்கு 0.38 மில்லிகிராம் என்றும், பங்குனியில் 0.19 என்றும் வந்தது. ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு. ஒப்பீட்டுத் தொட்டி இறப்பை அபட் சூத்திரத்தால் கழித்துவிட்டால் போதும் என்று உடன் ஆய்வு செய்யும் ஒருவர் சொல்கிறார். மருந்தே இல்லாத நீரில் இறந்த மீனைக் கணக்கில் கழித்துவிட்டு மேலே செல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்படிச் செய்யலாமா? இந்த இரண்டு எண்களில் எதை நம்புவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், கும்பகோணம்

அன்புள்ள மாணவிக்கு, உங்கள் மனம் ஒப்பாதது சரியே. இரண்டு எண்களில் எதையும் நம்ப வேண்டாம். இரண்டு சோதனைகளும் செல்லாதவை. அவற்றைக் குறிப்பேட்டில் அப்படியே பதிந்து வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 203-ஆம் சோதனை நெறிதான் உலகெங்கும் மீன்களின் குறுங்கால நச்சுத்தன்மைக்கு அடிப்படையாக இருக்கிறது. 1981-ல் வந்து, 1992-லும் 2019-லும் திருத்தப்பட்ட அந்த நெறி, ஒப்பீட்டுத் தொட்டியில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறப்பு இருந்தால் சோதனையே செல்லாது என்கிறது. பத்து மீனுக்குக் குறைவாக வைத்திருந்தால் ஒரே ஒரு மீன் வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்களிடம் இருபதும் முப்பதும் வந்திருக்கின்றன. அபட் 1925-ல் தந்த சூத்திரம், இயல்பாக நேரும் சிறு இறப்பைக் கழிப்பதற்கு உரியது. ஒப்பீட்டில் 30 விழுக்காடும் மருந்துத் தொட்டியில் 60 விழுக்காடும் இறந்தால், 60-லிருந்து 30-ஐக் கழித்து, எஞ்சியதை 70-ஆல் வகுத்து 43 விழுக்காடு என்று சொல்லிவிடலாம். கணக்கில் பிழை இராது. ஆனால் ஒப்பீட்டு மீனைக் கொன்ற காரணம் மருந்துத் தொட்டியில் இருந்த மீனையும் முன்பே நலிவுறச் செய்திருக்கும், நலிந்த மீன் குறைந்த மருந்திலேயே சாகும் என்பதை எந்தக் கழித்தலாலும் சரிசெய்ய முடியாது.

அந்தக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பத்து மீன், ஒவ்வொன்றும் 6 கிராம் என்றால் மொத்தம் 60 கிராம். 20 லிட்டர் நீரில் அது லிட்டருக்கு 3 கிராம் ஆகிறது. நீரை ஓடவிடாத தொட்டியில் லிட்டருக்கு 1 கிராமைத் தாண்டக் கூடாது, நான் 0.8 கிராமிலேயே நிறுத்திக்கொள்வேன். அந்தக் கணக்கின்படி உங்கள் மீன்களுக்கு 75 லிட்டர் நீர் வேண்டும். பெரிய தொட்டி தேடுவதைவிடச் சிறிய குஞ்சு வாங்குவது எளிது. ஒரு கிராம் எடையுள்ள குஞ்சுகள் பத்து என்றால் 20 லிட்டரில் லிட்டருக்கு அரைக் கிராம்தான்.

அடுத்தது தீனி. சோதனை தொடங்குவதற்கு 24 மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்; சோதனை நடக்கும் நான்கு நாட்களும் கொடுக்கக் கூடாது. இது கொடுமை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் நீங்கள் இட்ட புண்ணாக்கு, மீனின் குடல் வழியாகவும் அழுகியும் அம்மோனியாவாக மாறிவிடுகிறது. அம்மோனியாவில் அயனியாகாத பகுதிதான் செவுள் வழியே எளிதில் உள்ளே புகுந்து கொல்வது. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 உள்ள நீரில் அந்தப் பகுதி நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 மட்டுமே, பிஎச் 8-ல் ஏறத்தாழ 5, பிஎச் 9-ல் 36. வெப்பம் கூடினால் இன்னும் ஏறும். நம் பக்கத்துப் போர்வெல் நீர் பெரும்பாலும் பிஎச் 8-ஐ ஒட்டியே இருக்கும். பங்குனி வெயிலையும் சேர்த்துப் பாருங்கள். தை மாதத்தைவிடப் பங்குனியில் ஒப்பீட்டு மீன்கள் அதிகம் இறந்ததில் வியப்பில்லை.

மூன்றாவதாக, இரண்டு நாள் போதாது. வாங்கி வந்த குஞ்சுகள் பயணக் களைப்பிலிருந்து தேற 48 மணி நேரமும், அதன்பின் எந்த நீரில் சோதிக்கப் போகிறீர்களோ அதே நீரில், அதே வெப்பத்தில் குறைந்தது ஏழு நாளும் இருக்க வேண்டும். அந்த ஏழு நாளில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறைவாக இறந்தால் கூட்டத்தை ஏற்கலாம். ஐந்துக்கும் பத்துக்கும் இடையே என்றால் இன்னும் ஏழு நாள் காக்க வேண்டும். பத்தைத் தாண்டினால் முழுக் கூட்டத்தையும் ஒதுக்கிவிட வேண்டும். நான் வழிநடத்திய மாணவர்கள் மிகுதியும் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்தார்கள். இந்த ஒன்பது நாளும் சோதனையின் பகுதியே.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஆய்வகத்தில், நன்றாக நடந்துகொண்டிருந்த சோதனையில் ஒரே இரவில் ஒப்பீட்டுத் தொட்டி உட்பட எல்லாத் தொட்டிகளிலும் மீன்கள் மாண்டு கிடந்தன. நீரைச் சோதித்தோம், ஆக்சிஜன், பிஎச், அம்மோனியா எல்லாம் சரியாகவே இருந்தன. இரண்டு நாள் கழித்துத்தான், முந்தைய நாள் மாலை நடைக்கூடத்தில் கொசுப்புகை அடித்தார்கள் என்பது தெரிந்தது. காற்றூட்டியின் பம்பு நடைக்கூடத்துக் காற்றை உறிஞ்சி, அந்தப் பூச்சிமருந்தை நேரே தொட்டிக்குள் செலுத்தியிருக்கிறது. அதன்பிறகு பம்பு எந்த அறையின் காற்றை இழுக்கிறது என்று பார்க்காமல் நான் எந்தச் சோதனையையும் தொடங்கியதில்லை. உங்கள் ஆய்வகத்தில் இரவில் கொசுவர்த்தி ஏற்றும் காவலாளி இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கரைந்த ஆக்சிஜன் நிறைவளவில் 60 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. 28 டிகிரியில் நிறைவளவு லிட்டருக்கு ஏறத்தாழ 7.8 மில்லிகிராம், ஆகவே 4.7-க்குக் கீழே போகவிடாதீர்கள். வெப்பம் சோதனை முழுவதும் 2 டிகிரிக்குள் நிலையாக இருக்க வேண்டும். கூரை ஓட்டுக்கடியில் உள்ள அறை இதற்கு ஆகாது.

மறுமொழி 2: நீர்ப் பகுப்பாய்வாளர், தஞ்சாவூர்

ஐயா மீனைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் நீரையும் மருந்தையும் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் 0.38-க்கும் 0.19-க்கும் இடையிலான வேறுபாட்டில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

குளோர்பைரிபாஸ் நீரை விரும்பாத பொருள். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான் கரையும். கொழுப்பிலும் களிமண் துகளிலும் மட்கிலும் விரைந்து ஒட்டிக்கொள்ளும். நம் வாய்க்கால் நீரைத் துணியில் வடிகட்டினால் சருகும் பாசியும் நிற்குமே தவிர, வண்டல் நிற்காது. நீங்கள் 0.4 மில்லிகிராம் சேர்த்தீர்கள் என்றால், அதில் ஒரு பகுதி வண்டலிலும் இன்னொரு பகுதி பிளாஸ்டிக் சுவரிலும் ஒட்டியிருக்கும். எஞ்சியதைத்தான் மீன் கண்டிருக்கும். தெளிந்த போர்வெல் நீரில், கூடுதல் வெப்பத்தில், அதே 0.4 சேர்த்தபோது மீனுக்குக் கிடைத்தது அதிகம். அதனால் பங்குனி எண் சிறுத்தது. இதற்குமேல், தை மாதத்து வாய்க்கால் நீரில் மேல்மடை வயல்களிலிருந்து வடிந்த மருந்து முன்பே எவ்வளவு இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. டெல்டாவில் ஒருவருடைய வடிகால் அடுத்தவருடைய பாசன வாய்க்கால் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். சோதனை நீராக அதைப் பயன்படுத்தவே கூடாது.

போர்வெல் நீரும் எடுத்தவுடன் தகுதி உடையதாகிவிடாது. நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கும்; இரும்பு இருந்தால் காற்றுப் பட்டவுடன் செம்பழுப்பாகப் படிந்து செவுளை அடைக்கும். ஒரு நாள் முழுவதும் காற்றூட்டித் தெளிய வைத்து, பிறகு கடினத்தன்மையையும் உப்பையும் அளந்து பாருங்கள். மொத்தக் கடினத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 10 முதல் 250 மில்லிகிராமுக்குள்ளும், பிஎச் 6.0 முதல் 8.5-க்குள்ளும் இருக்க வேண்டும். கடற்கரையை நெருங்க நெருங்க நம் நிலத்தடி நீர் உவர்ப்பேறுவதால், உங்கள் ஊரில் இந்த அளவைத் தாண்டினாலும் நான் வியப்படைய மாட்டேன்.

என் பரிந்துரை, நீங்களே நீரைத் தயாரித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். வாலை வடிநீர் ஒரு லிட்டரில் கால்சியம் குளோரைடு இருநீரேறி 294 மில்லிகிராம், மெக்னீசியம் சல்பேட் எழுநீரேறி 123 மில்லிகிராம், சோடியம் பைகார்பனேட் 65 மில்லிகிராம், பொட்டாசியம் குளோரைடு 6 மில்லிகிராம் என்று கலந்து காற்றூட்டினால், கடினத்தன்மை ஏறத்தாழ 250 உள்ள நிலையான நீர் கிடைக்கும். ஆறு தொட்டிக்கு 120 லிட்டர், நாள்தோறும் மாற்றினால் நான்கு நாளில் 480 லிட்டர் வேண்டும். அவ்வளவு வடிநீருக்கு வழியில்லை என்பதை அறிவேன். சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்த நீரை அடிப்படையாகக் கொண்டு இதே உப்புகளைச் சேர்க்கலாம். இந்த நீரில் செய்தால் தையில் செய்தாலும் ஆடியில் செய்தாலும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். வேறு மாநிலத்தில் ஒருவர் செய்ததோடும் ஒப்பிட முடியும்.

தொட்டி கண்ணாடியாக இருக்கட்டும். மருந்துக் கரைசலை 24 மணிக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றுங்கள். மாற்றுவதற்குச் சற்று முன்பும், மாற்றியவுடனும் மாதிரி எடுத்து, வாயு நிறப்பிரிகை (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) வசதி உள்ள ஆய்வகத்தில் உண்மையான செறிவை அளக்கச் செய்யுங்கள். சேர்த்த அளவில் 80 விழுக்காடாவது இருந்தால் சேர்த்த எண்ணைக் கொண்டே கணக்கிடலாம். குறைந்தால் அளந்த எண்ணைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும். எல்லாத் தொட்டிகளையும் அளக்கப் பணம் இல்லை என்றால், உச்சச் செறிவையும் அடிச் செறிவையும் பாதி இறப்புக்கு அருகில் உள்ள ஒன்றையும் மட்டுமாவது அளந்துவிடுங்கள். அளக்காமல் வெளியிடப்பட்ட எண்கள் நம் நாட்டில் மிக அதிகம். ஒரே மருந்துக்கும் ஒரே மீனுக்கும் ஆளுக்கொரு எண் சொல்லப்படுவதற்கு அது முக்கியக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

மருந்தை எப்படி எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 20 ஈசி என்பதில் உள்ள 20 விழுக்காடு எடைக்கு எடையா, கன அளவுக்கு எடையா என்று புட்டியின் தாளில் பாருங்கள். எடைக்கு எடை என்றால் பிப்பெட்டில் எடுக்காமல் தராசில் நிறுத்து எடுக்க வேண்டும்: ஒரு கிராம் மருந்தில் 200 மில்லிகிராம் செயல்பொருள் இருக்கும், அதை ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 200 மில்லிகிராம் மூலக்கரைசல். அதில் 10 மில்லி எடுத்து 20 லிட்டரில் சேர்த்தால் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரும். மூலக்கரைசல் பால்போல் கலங்கி நிற்கும் குழம்பு என்பதால், ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டே எடுக்க வேண்டும். மேலும், ஈசி வகை மருந்தில் கரைப்பானும் பால்மமாக்கியும் சேர்ந்திருக்கின்றன. அவையும் செவுளைத் தாக்கக்கூடியவை. ஆகவே முடிவை எழுதும்போது, இது தூய குளோர்பைரிபாஸின் எண் அன்று, இன்ன வணிகக் கலவையின் எண், செயல்பொருள் கணக்கில் தரப்பட்டுள்ளது என்று தெளிவாக எழுதுங்கள்.

செறிவுகளைக் கூட்டிக்கொண்டு போகாமல் பெருக்கிக்கொண்டு போங்கள். அடுத்தடுத்த செறிவுகளுக்கு இடையே 2.2 மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 1.8 மடங்காக வைத்தால் 0.06, 0.11, 0.19, 0.35, 0.63 என்று ஐந்து செறிவுகள் வரும். பாதிப்பு செறிவின் மடக்கைக்கு ஏற்ப நகர்கிறது. உங்கள் வரிசையில் 0.4-க்கும் 0.5-க்கும் இடையே மடக்கையில் இடைவெளி மிகக் குறைவு, 0.1-க்குக் கீழே ஒன்றுமே இல்லை. முதலில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் வைத்து, பத்துப் பத்து மடங்கு இடைவெளியில் ஒரு முன்சோதனை செய்துவிட்டால் வரிசையை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும். முழுவதும் பிழைத்த செறிவு ஒன்றும், முழுவதும் இறந்த செறிவு ஒன்றும், இடையில் பகுதி இறப்பு இரண்டிலாவதும் கிடைத்தால், பாதி இறக்கும் செறிவைக் கணக்கிடும் புராபிட் என்னும் புள்ளியியல் முறை நன்றாக அமையும். பகுதி இறப்பு ஒன்றில்தான் கிடைத்தது என்றால் புராபிட்டை வற்புறுத்தாமல் ஸ்பியர்மன்-கார்பர் என்னும் மற்றொரு கணக்கீட்டு முறைக்குப் போங்கள். எதுவானாலும் 95 விழுக்காடு நம்பக எல்லையை (உண்மை எண் எந்த இடைவெளிக்குள் இருக்கக்கூடும் என்பதை) சேர்த்தே எழுத வேண்டும்.

மறுமொழி 3: மீன் குஞ்சுப் பண்ணை நடத்துபவர், மன்னார்குடி பக்கம்

அம்மா, நான் ஆய்வு அறிந்தவன் அல்லன். இருபது ஆண்டுகளாகக் குஞ்சு வளர்த்து விற்பவன். நீங்கள் வாங்கிய குஞ்சைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

ரோகு ஆனி, ஆடி, ஆவணியில்தான் பெரும்பாலும் பொரிக்கப்படுகிறது. பங்குனியில் நீங்கள் வாங்கியது, முந்தைய ஆடியில் பொரித்து, நெருக்கமாக விட்டு, தீனியைக் குறைத்து, வளரவிடாமல் அடைத்து வைத்த குஞ்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குளத்துக்காரர்கள் அதை விரும்பி வாங்குவார்கள். குளத்தில் விட்டவுடன் விறுவிறுவென்று வளரும். ஆனால் உருவத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. தையில் வாங்கியதும் பங்குனியில் வாங்கியதும் ஒரே வயது, ஒரே தாய் என்று நீங்கள் எண்ணியிருந்தால் அது சரியாக இருக்காது. வாங்கும்போது இன்ன நாளில் பொரித்த, ஒரே ஈட்டுக் குஞ்சு வேண்டும் என்று கேட்டு, எழுதி வாங்குங்கள். நல்ல பண்ணைக்காரர் மறுக்க மாட்டார்.

வாய்க்காலில் பிடித்த மீனை வைத்துச் செய்யலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது எந்த வயல் தண்ணீரில் எத்தனை முறை மருந்து குடித்துத் தேறியது என்று நமக்குத் தெரியாது. விராலும் வேண்டாம். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். தண்ணீர் கெட்டாலும் சமாளிக்கும், பசித்தால் ஒன்றையொன்று கடித்துவிடும்.

இப்போது என் கேள்வி ஒன்று. நெற்பயிரில் புகையான் பூச்சி வந்த ஆண்டில் பக்கத்து வயல்களில் மருந்தடித்தார்கள். அடுத்த நாள் மழை பெய்து, வடிகால் பொங்கி என் நாற்றங்கால் குளத்தில் ஏறியது. ஏராளமான குஞ்சுகள் செத்தன. எந்த மருந்து, எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் கண்டுபிடிக்கப் போகும் எண்ணை வைத்துக்கொண்டு, என் குளத்துத் தண்ணீரில் அதற்குக் கீழே மருந்து இருந்தால் குஞ்சுக்கு ஆபத்து இல்லை என்று நான் நம்பலாமா? எனக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், கும்பகோணம்

நம்பக் கூடாது ஐயா. இதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

அந்த எண், நூறு குஞ்சில் ஐம்பதைக் கொல்லும் செறிவு. அதற்குச் சற்றுக் கீழே இருந்தால் நாற்பது இறக்கும். இறக்காத அறுபதும் நலமாக இருக்கின்றன என்றும் பொருள் இல்லை. இந்த மருந்து மீனின் உடலில் ஆக்சான் என்னும் வடிவமாக மாறி, நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் நொதியைக் கட்டிப்போடுகிறது. உயிர் போகாத அளவில்கூட மீன் நிலைகுலைந்து நீந்தும், இரை எடுக்காது, கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் எளிதில் அகப்படும். நாற்றங்கால் குளத்துக்கு இன்னொரு கேடும் உண்டு. சிறு குஞ்சுக்கு முதல் இரையான தெள்ளுப்பூச்சி என்னும் நீர்த்தெள்ளுகள், மீனைவிடப் பன்மடங்கு குறைந்த அளவிலேயே இந்த மருந்தால் மடிந்துவிடும். குஞ்சு மருந்தால் சாகாமல், இரையில்லாமல் சாகும். மாணவியின் நான்கு நாள் கண்ணாடித் தொட்டியில் இவை எதுவும் தெரியாது. ஒரு மருந்து மற்றொன்றைவிட எவ்வளவு கொடியது என்று ஒப்பிடவும், வகைப்படுத்தவும், அடுத்த ஆய்வுக்கான அளவுகளைத் தேர்ந்தெடுக்கவும் அந்த எண் உதவும். உலக வகைப்பாட்டில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் பாதி மீனைக் கொல்லும் பொருள், நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் கொடியது என்னும் முதல் வகையில் சேரும். இந்த மருந்து ஐயத்துக்கு இடமின்றி அதில்தான் சேர்கிறது.

மறுபடி அப்படி நேர்ந்தால் சில குறிப்புகளை உடனே எழுதி வையுங்கள். விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து, பெரிய மீன்கள் முதலில் சாகின்றன என்றால் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு. நேரம் காலம் இல்லாமல், சிறு குஞ்சுகள் முதலில், துள்ளித் துடித்துச் சுழன்று சாகின்றன என்றால் மருந்தை ஐயுறலாம். வடிகால் குளத்தில் ஏறும் வாயிலருகே, பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நீர் நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து, அன்றே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பிளாஸ்டிக் கேனில் எடுக்க வேண்டாம். காரணத்தைத் தஞ்சாவூர் அம்மையார் மேலே சொல்லியிருக்கிறார்.

மறுமொழி 5: ஆய்வு மாணவி, மயிலாடுதுறை

மூவருக்கும் நன்றி. ஒவ்வொரு மறுமொழியையும் அச்சிட்டு ஆய்வகக் குறிப்பேட்டில் ஒட்டிவிட்டேன். பம்பைப் பற்றிப் படித்தவுடன் போய்ப் பார்த்தேன். எங்கள் பம்பு, வேதிப்பொருள் அலமாரிகள் உள்ள அறையின் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. குழாயை நீட்டி வெளிச் சுவருக்கு மாற்றியாயிற்று. போர்வெல் நீரின் கடினத்தன்மையை அளந்தேன். லிட்டருக்கு 410 மில்லிகிராம். ஆகவே சுத்திகரித்த நீரில் உப்புகள் சேர்த்துச் செய்யப் போகிறேன்.

இன்னும் ஓர் ஐயம். பக்கவாட்டில் சாய்ந்து, செவுள் மூடி மட்டும் மெல்ல அசையும் மீனை இறந்ததாகக் கொள்வதா, உயிருள்ளதாகக் கொள்வதா? மீண்டும் நிமிராது என்று தெரிந்தும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது. மீன்களின் எண்ணிக்கையைக் குறைக்க வழி உண்டா?

மறுமொழி 6: நீர்ப் பகுப்பாய்வாளர், தஞ்சாவூர்

வால் அடியைத் தொட்டால் எதிர்வினை இல்லை, மூச்சசைவும் இல்லை என்றால்தான் இறப்பு. நீங்கள் சொல்வது இறக்கும் தறுவாயில் உள்ள மீன். அதைத் தனிப் பத்தியில் பதியுங்கள். 203-ஆம் நெறியின் 2019 திருத்தம், 24, 48, 72, 96 மணி இறப்புக் கணக்கோடு, சமநிலை இழப்பு, நிறமாற்றம், மூச்சுத் திணறல் போன்ற அறிகுறிகளையும் பதியச் சொல்கிறது. தறுவாயில் உள்ள மீனை மயக்க மருந்தின் மிகை அளவில் அமைதியாக முடித்துவைக்கலாம். ஆனால் அதை எப்போது, எந்த அறிகுறியில் செய்வீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி, உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதர் அல்லாத எந்த உயிரும்தான். மீனும் அதில் அடக்கம்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, தொட்டிக்குப் பத்து தேவையில்லை, ஏழு போதும். ஐந்து செறிவும் ஒப்பீடும் சேர்த்து 42 மீன். இதற்கு முன்பே, அதே அமைப்பின் நெறிகளில், வரிக்குதிரை மீனின் கருவில் செய்யும் 236-ஆம் நெறிச் சோதனையையோ, மீன் செவுள் உயிரணுக்களில் செய்யும் 249-ஆம் நெறிச் சோதனையையோ செய்து செறிவு வரம்பைக் கண்டுகொண்டால், முன்சோதனை மீன்களும் மிச்சமாகும். ஆனால் நரம்பைத் தாக்கும் மருந்துகளில் கருவும் உயிரணுவும் வளர்ந்த மீனைவிடக் குறைவாகப் பாதிப்பைக் காட்டலாம் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் மருந்து அந்த வகையைச் சேர்ந்தது.

மறுமொழி 7: மீன் குஞ்சுப் பண்ணை நடத்துபவர், மன்னார்குடி பக்கம்

ஐயாவின் பதிலைப் படித்தேன். நான் நினைத்தது வேறு. இப்போதாவது தெரிந்ததே நல்லது. வடிகால் ஏறும் பக்கத்தில் கரையை உயர்த்தப் போகிறேன்.

அம்மா, ஆனி கடைசியில் பொரித்த ஓர் ஈட்டுக் குஞ்சு என்னிடம் இருக்கிறது. ஆடி முடிவதற்குள் ஒரு கிராமுக்கு வந்துவிடும். சோதனைக்கு 42, கழிவுக்கும் தேர்வுக்கும் சேர்த்து எழுபது குஞ்சு எடுத்து வைக்கிறேன், விலை வேண்டாம். முதல் நாளே தீனியை நிறுத்தி, ஹாப்பாவில் (குளத்தில் கட்டும் வலைத்தொட்டியில்) விட்டு வைத்திருப்பேன். விடியற்காலை ஐந்து மணிக்கு வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் ஆக்சிஜன் பாக்கெட்டில் கட்டித் தருகிறேன். ஆய்வகம் போனதும் பாக்கெட்டை அவிழ்க்காமல் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்க விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் நீரை உள்ளே ஊற்றி விடுங்கள். உங்கள் உப்பு நீரில் ஐந்து லிட்டரை இரண்டு நாள் முன்னதாகவே ஒரு கேனில் கொடுத்து அனுப்பினால், நான்கைந்து குஞ்சை அதில் விட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.